மருந்தில்லாத குளிசை

“அப்ப ஆறு மாசமா நான் குடிச்சது வெறும் மாவா?”

கைரியா போட்ட சத்தத்தில், வெளியே மர வாங்கில் முறைக்குக் காத்து உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் கதவைப் பார்த்தார்கள்.

“மாவுதான் மாமி. மருந்தில்லாத குளிசை” என்றாள் நப்லா.

சீனி வருத்தம் என்கிற நீரிழிவுள்ளவர்களின் கால் எரிச்சலுக்கு ஒரு புது மருந்தைக் கண்டி கிளினிக்கில் பரிசோதித்து முடித்திருந்தார்கள். பாதிப் பேருக்கு மருந்துள்ள மாத்திரை, மீதிப் பேருக்கு அதே நிறத்தில் வெறும் குளிசை. யாருக்கு எது என்று முடியும்வரை ஒருவருக்கும் தெரியாது. இப்போது ஒவ்வொருவரையும் தனியே அழைத்து, அவரவர் முடிவை விளங்குகிற மாதிரிச் சொல்வது நப்லாவின் வேலை.

அச்சடித்த தாளில் ‘மருந்துப்போலி’ என்று போட்டிருந்தது. காலையில் ஒருவர் அதைப் படித்துவிட்டு, போலி மருந்து தந்துவிட்டார்கள் என்று பொலிஸுக்குப் போகப் புறப்பட்டார். அவரைப் பிடித்து உட்கார வைத்த பிறகு, நப்லா தாளை மூடிவிட்டு கேஸ் அடுப்புப் படம் வரையத் தொடங்கினாள். எரிச்சல் கூடினால் பெரிய நெருப்பு, குறைந்தால் சின்ன நெருப்பு.

“பாருங்க மாமி. மொத மாசம் ஒங்கட நெருப்பு பெருசா ஈக்கி. ரெண்டாம் மாசத்துல இருந்து சின்னதாகிட்டு. மருந்தில்லாமலே.”

கைரியாவின் முகம் மலர்ந்துவிட்டது.

“எல்லாம் மனசு மகள். பொறுமை. அது ஈந்தா மருந்தே தேவல்ல.”

“செல பேருக்கு அப்படியும் நடக்கும். ஆனா நெலைக்கும்னு செல்ல ஏலா. வெறும் குளிசை குடிச்சவங்களுக்கு இனி ஒரு வருசத்துக்கு உண்மையான மருந்து காசில்லாம குடுக்கிறாங்க.”

“எனக்கென்னத்துக்கு? நெருப்பு நூந்து போன அடுப்புக்கு தண்ணி ஊத்துறதா?”

கைரியா வெளியே போய் வாங்கில் இருந்தவர்களுக்கும் பொறுமையின் பெருமையை விளக்கினார். தனியே சொல்லப்பட்ட முடிவு ஒரு நிமிடத்தில் பொதுச் சொத்தாகிவிட்டது.

அடுத்தவர் அவருடைய கணவர் ஜமால்தீன். நொண்டிக்கொண்டு வந்து கதிரையில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, குளிர்ந்த சிமெந்துத் தரையில் பாதங்களை வைத்துக்கொண்டார்.

“மாமா, ஒங்களுக்கு கெடச்சது உண்மையான மருந்து.”

“ம்.”

“மொத மாசம் நெருப்பு நல்லா சின்னதாகிட்டு. பொறகு திரும்பவும் பெருசு. கடைசி வரைக்கும் பெருசுதான். ஒழுங்கா குடிச்சீங்களா?”

அவர் வாய் திறக்குமுன் கதவு திறந்தது. வத்தேகம பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று கைரியா உள்ளே வந்துவிட்டார். வெளியே நின்று கேட்டுக்கொண்டும்தான் இருந்திருக்கிறார்.

“எங்க குடிச்சார்! உண்மையான மருந்து கெடச்சும் பாழாக்கியீக்கார். ராராவா ஒறங்காம காலைத் தேச்சிக்கொண்டு ஈக்கிற மனுசன். ஒரு ஒழுங்கு இல்ல, பொறுமை இல்ல. மாவைக் குடிச்சிட்டு நான் சுகமாகலியா?”

நப்லாவுக்கும் ஜமால்தீன்மேல் கோபம்தான். இந்த மருந்து கிடைக்காதா என்று ஏங்கியவர்கள் எத்தனை பேர்!

“அப்ப இது ஒங்களுக்கு சரிவரல்லன்னுதான் எழுத வேண்டி வரும் மாமா. இனி குடுக்க மாட்டாங்க.”

“பரவால்ல மகள். இவவுக்கு குடுப்பீங்கதானே?”

“மாமி வேணாங்கிறாங்க.”

ஜமால்தீன் திடுக்கிட்டு மனைவியைப் பார்த்தார்.

“வேணாங்காதே. குடிக்காட்டி திரும்ப எரியும்.”

“ஒங்களுக்குத்தான் எரியும். நான் ஆறு மாசம் மருந்தில்லாம ஈந்தவள். எழும்புங்க, பஸ் போயிடும்.”

ஜமால்தீன் எழும்பவில்லை.

“நீ மாவு குடிச்சது மொத மாசம் மட்டும்தான்” என்றார். “எனக்கு எரிச்சல் நின்டதும் வெளங்கிட்டு, மருந்து என்ட போத்தல்லதான் ஈக்கின்னு. அதுக்குப் பொறகு பிளேன்டீயோட ஒன்ட கையில வச்சது எல்லாம் என்ட குளிசை. ஒன்டதைத்தான் நான் குடிச்சேன்.”

கைரியா தரையில் பதிந்திருந்த கணவரின் பாதங்களைப் பார்த்தார். பக்கத்துக் கதிரையை இழுத்து உட்கார்ந்தார்.

ஆராய்ச்சியில் இது பெரிய பிழை. இரண்டு பேருடைய முடிவும் தலைகீழாகிவிட்டது. டொக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். நன்றாகத் திட்ட வேண்டும் என்றுதான் நப்லா நினைத்தாள். ஆனால் இரண்டு பேருடைய அடுப்புப் படங்களையும் எடுத்து ஒன்றாக வைத்தாள்.

“உள்ளதை டொக்டர்ட்ட செல்லுவோம் மாமா” என்றாள். “மருந்து ரெண்டு பேருக்குமே வேலை செஞ்சீக்கி. ரெண்டு பேருக்கும் கேட்டுப் பார்ப்போம்.”

“கேளுங்க மகள். நான் குடிக்கிறேன்” என்றார் கைரியா. அந்தக் குரல் வாங்குவரைக்கும் கேட்டிருக்காது.

பிறகு கணவரின் பக்கம் திரும்பினார்.

“என்னத்துக்கு இப்படி செஞ்சீங்க?”

ஜமால்தீன் செருப்பைத் தேடிக் காலை நுழைத்தார்.

“வேற என்ன செய்ய? எனக்கு எரிஞ்சா நான் மட்டும்தான் முழிச்சிட்டு ஈப்பேன். ஒனக்கு எரிஞ்சா, முழுத் தெருவும்லா முழிச்சிட்டு ஈக்கணும்!”