இடது கையால காட்டுங்க

"சார், அந்த ஜன்னல் சீட்டுல மட்டும் உக்காராதீங்க."

சொன்னது எதிர் இருக்கையில் இருந்த நர்ஸ். அதிகாரி காதில் வாங்கிக்கொள்ளாமல் உட்கார்ந்தார்.

பின்னே? சாயங்கால ரயில், கால் வைக்க இடமில்லை. அத்தனை நெரிசலில் ஒரு ஜன்னல் சீட்டு காலியாகக் கிடந்தால் எந்த மனிதன்தான் விடுவான்?

அவர் ரயில்வேயில் கால அட்டவணை போடுகிறவர். இந்த ரயிலை முக்கால் மணி நேரம் தள்ளிவிட்டால் எக்ஸ்பிரஸுக்கு வழி கிடைக்கும். 'பயணிகளின் வசதிக்காக' என்று அறிவிப்பில் போட்டுக்கொள்ளலாம், யார் கேட்கப் போகிறார்கள்? மற்ற பெட்டிக்காரர்கள் கருத்துக் கேட்டபோது தலையாட்டிவிட்டார்கள். இந்தக் கடைசிப் பெட்டி மட்டும் ஒரே குரலில் கூடாது என்றது. காரணம் கேட்டால் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார்கள். என்னதான் சங்கதி என்று பார்த்துவிட யாரிடமும் சொல்லாமல் ஏறியிருந்தார்.

அவர் உட்கார்ந்ததும் பெட்டியில் பேச்சு நின்றது.

அலைச்சல் அலுப்பு. சற்றுக் கண்ணை மூடினார். உடனே தோளைப் பிடித்து உலுக்கினாள் நர்ஸ்.

"தூங்காதீங்க சார்."

சுற்றிலும் பார்த்தார். வேலை முடிந்து திரும்புகிற கூட்டம், ஆனால் ஒருவர்கூடத் தூங்கவில்லை. மூலையில் ஒரு கிழவர் தலை சாய்ந்தார். பக்கத்து ஆள் படக்கென்று தட்டி எழுப்பினார். அதிகாரிக்கு என்னவோ போல் இருந்தது.

நர்ஸ் பையிலிருந்து ஒரு பச்சைச் சால்வையை எடுத்து நீட்டினாள்.

"உக்காந்துட்டீங்க. இன்னிக்கு நீங்கதான் காட்டணும். தலையோட போர்த்திக்கங்க."

"எதுக்கும்மா?"

"வளைவு வந்துருச்சு. சீக்கிரம் போர்த்துங்க. இடது கையால காட்டுங்க."

அவளுடைய முகத்தைப் பார்த்ததும் சால்வையை வாங்கினார். போர்த்திக்கொண்டார்.

ரயில் வேகம் குறைந்து ஊர்ந்தது. தண்டவாளத்தை ஒட்டி ஒரு வீடு. மொட்டை மாடியில் ஒரு பெண்மணி தனியாக, அசையாமல் நின்றிருந்தாள். பெட்டியில் இருந்தவர்கள் எல்லாரும் எழுந்து நின்று அதிகாரியையே பார்த்தார்கள்.

அவர் பதறிப்போய்க் கையை ஆட்டினார்.

மாடியில் இருந்தவளும் கையை உயர்த்தி ஆட்டினாள். அவளுடைய உதடுகள் எதையோ சொல்லின. வீடு பின்னால் போனது. பெட்டி மொத்தமும் பெருமூச்சு விட்டு உட்கார்ந்தது.

"வலது கையைக் காட்டிட்டீங்களே சார்..." என்றாள் நர்ஸ்.

அதிகாரிக்கு எரிச்சல் வந்துவிட்டது. "இந்த ரயிலோட நேரத்தை மாத்தப் போறவனே நான்தான். என்ன கூத்து இது? சொல்லுங்க."

நர்ஸ் குனிந்துகொண்டே சொன்னாள்.

"அந்தம்மாவோட பொண்ணு தினம் இங்கதான் உக்காரும். இடது கைப் பழக்கம். வீட்டைத் தாண்டறப்போ அம்மாவுக்குக் கை காட்டிட்டு, அடுத்த ஸ்டேஷன்ல இறங்கிப் போகும். போன வருஷம் ஒரு நாள் ஜன்னல்ல தலையைச் சாய்ச்சுட்டே வந்துச்சு. அசந்து தூங்குதுன்னு நெனச்சோம். எல்லாரும் சீட்டாடிட்டிருந்தோம். இறங்கற எடம் வந்துருச்சேன்னு எழுப்பினா, உடம்பு சில்லுன்னு கிடந்துச்சு." நிறுத்தினாள். "நான் நர்ஸ் சார். இதோ, இதே எதிர் சீட்டுலதான் இருந்தேன்."

"அந்தம்மா?"

"புத்தி பேதலிச்சுப் போச்சு. பொண்ணு வருதுன்னே இன்னும் மாடியில வந்து நிக்கறாங்க. நாங்க முறை வச்சுக் காட்டறோம். நேரத்தைத் தள்ளினா இருட்டிடும். எங்க கை அவங்களுக்குத் தெரியாது."

அன்றிரவு அதிகாரிக்கு அந்த மாடியே கண்ணில் நின்றது. ஆனாலும் மனதைக் கல்லாக்கிக்கொண்டார். ஒருத்தியின் சித்தப்பிரமைக்கு ஒரு பெட்டியே தூபம் போடுவதா? நாமே போய் உண்மையைப் போட்டு உடைத்துவிடுவோம், அழுது தீர்த்தால் தெளிந்துவிடுவாள், அப்புறம் நேரத்தை மாற்ற என்ன தடை?

மறுநாள் காலையில் அந்த வீட்டு வாசலில் நின்றார்.

கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள் அந்த அம்மாள். படிய வாரிய தலை. நாற்காலி போட்டாள், குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். பைத்தியத்தின் சாயல்கூட இல்லை. அதுவே அவருக்குப் பயமாக இருந்தது.

"அம்மா... உங்க பொண்ணைப் பத்தி..."

"நேத்து வலது கையால காட்டினது நீங்கதானே?"

தம்ளரும் கையுமாக அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"அந்தப் பச்சைச் சால்வைகூட அவளோடது இல்லை. அவளோடது என்கிட்ட இருக்கு. மீசை வச்சவங்கள்லாம் முக்காடு போட்டுக் காட்டியிருக்காங்க சார். பெத்தவளுக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுமா தினம் போய் நிக்கறீங்க?"

"ஆரம்பத்துல புத்தி கலங்கித்தான் நின்னேன். அப்புறம் தெளிஞ்சுட்டேன். இனி எதுக்குன்னு ஒரு நாள் மாடிக்குப் போகலை. அந்த நர்ஸம்மா அடுத்த ஸ்டேஷன்ல இறங்கி ஓடி வந்து, உள்ளயும் வராம, வாசல்லயே நின்னு தேம்பித் தேம்பி அழுதுச்சு. கதவுக்குப் பின்னால நின்னு கேட்டுட்டிருந்தேன். தூங்குதுன்னு விட்டுட்டோமேன்னு அந்தப் பெட்டியே வெந்துட்டிருக்கு சார்."

அதிகாரி தம்ளரைக் கீழே வைத்தார்.

"அப்ப ரயில் நேரத்தை..."

"மாத்தாதீங்க. நான் தெளிஞ்சுட்டேன்னு அவங்ககிட்ட சொல்லியும் வச்சுடாதீங்க" என்றாள் அவள். "நான் மாடியில நின்னு கை காட்டினாத்தான், அவங்களால வீட்டுக்குப் போய் நிம்மதியாத் தூங்க முடியுது."