இனாமாக வைத்த பேனாப் பெட்டி

கப்பல் நேற்றே அண்டை நாட்டுத் துறைமுகம் போய்ச் சேர்ந்துவிட்டது. ஆனால் அதில் அனுப்பிய அறுபது நாற்காலியும் நானூறு கட்டுக் காகிதமும் சுங்கத்தில் மாட்டிக்கொண்டு நின்றன.

“நாம இனாமா வச்ச பேனாப் பெட்டி பட்டியல்ல இல்லைன்னு நிறுத்திட்டாங்களாம். ஏங்க எழுதல?” என்று முதலாளி வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார்.

“இனாம்தானேன்னு விட்டுட்டேன் சார்,” என்றார் தலைமைக் குமாஸ்தா.

“நாளன்னைக்கு சரக்கு வாங்கினவங்களோட ஆபீஸ் திறப்பு. அந்தச் சுங்க அதிகாரியம்மாகிட்ட பேசுங்க. கையைக் காலைப் பிடிச்சாவது சரக்கை வெளியே எடுங்க.”

குமாஸ்தா போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

“மேடம், ஒரே ஒரு பெட்டிதான். இந்தத் தடவை மட்டும் கண்டுக்காம விடக்கூடாதா?”

“முடியாதுங்க. திருத்தின பட்டியல் வரட்டும். அதுவரைக்கும் இங்கேருந்து ஒரு குண்டூசி கூட நகராது.”

போனை வைத்த குமாஸ்தாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

“மூக்கு உடைஞ்சு போச்சு. இதுல சிரிப்பு வேற வேண்டியிருக்கா உங்களுக்கு?”

“அடுத்த மாசம் எங்க வீட்டுக்கு மருமகளா வரப்போற பொண்ணு சார் அது. மாமனார் கேட்கிறாரேன்னு விட்டுக்குடுத்துடுமோன்னு பயந்துக்கிட்டேதான் பேசினேன்,” என்றவர், நிமிர்ந்து உட்கார்ந்து பட்டியலைத் திருத்த ஆரம்பித்தார்.