வானத்தில் ஒரு பந்தி

"இந்தத் தட்டை இங்க வைக்காதம்மா, எடுத்துட்டுப் போ!" என்று விமானப் பணிப்பெண்ணை விரட்டினாள் பானுமதிபென்.

கிரீட்பாய் ஏக்கத்தோடு பார்த்தார். தட்டில் பால்கட்டி போர்த்திய ஏதோ ஒன்று ஆவி பறக்க உட்கார்ந்திருந்தது. பெயர் தெரியாது, ஆனால் வாசனை மூக்கைத் துளைத்தது.

"சைவம்தான் பானு. அகமதாபாத்லயே சொல்லி வெச்சாச்சு."

"சைவமா இருந்தா போதுமா? எவன் எப்ப செஞ்சதோ! இந்தாங்க, நான் சுட்ட தேப்லா ரொட்டி." அவள் மடியில் பொட்டலம் அவிழ்ந்தது.

"அம்மா, இவங்களுக்கு வேண்டாம்னா அதையும் இப்படித் தள்ளு!" என்றது மூன்றாவது இருக்கையிலிருந்து ஒரு குரல். குரலுக்குச் சொந்தக்காரர் உருண்டையாக இருந்தார். சுற்றுலாக் கம்பெனி எல்லோருக்கும் கொடுத்த நீலத் தொப்பி அவர் தலையிலும் இருந்தது. பெயர் சிமன்லால், ஊர் மெஹ்ஸாணா என்று ஏறியதுமே சொல்லியிருந்தார்.

இரண்டு தட்டும் முன்னால் வந்ததும் அவர் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார். ரொட்டியைப் பிளந்து வெண்ணெய் தடவினார். வெண்ணெய் மேல் ஜாம். ஒரு கடி, கண்ணை மூடி ஒரு பெருமூச்சு. "அடடா, இதுக்காகவே இன்னொரு தடவை பிறக்கலாம்!"

"ஜென்மத்துல சோத்தையே பார்க்காத ஆளு போல" என்று பானுமதிபென் கணவர் காதில் முணுமுணுத்தாள். முணுமுணுப்பு நாலு வரிசைக்குக் கேட்டது.

"தினமும் பார்க்கிறேன் பென், அதான் பிரச்சினையே!" என்று சிரித்தார் சிமன்லால்.

கிரீட்பாயால் சிரிக்க முடியவில்லை. ஆல்ப்ஸ் மலையில் ஏறி ஒரு பிடி பனியைக் கையில் அள்ளிப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய வாலிப ஆசை. பிள்ளை இப்போதுதான் டிக்கெட் எடுத்துக் கொடுத்திருந்தான். குஜராத்திச் சமையல் செய்ய மகராஜ் எனப்படும் சமையல்காரர் ஒருவர் குழுவோடு கூடவே வருவார் என்று கம்பெனிக்காரர்கள் சத்தியம் செய்த பிறகே பானுமதிபென் தலையாட்டினாள். அதிலும் ஒரு நிபந்தனை. "முதல் ராத்திரி கிச்சடியும் மோர்க்கடியும் வாயில வைக்க விளங்கலைன்னா, மறுநாளே ஊருக்குத் திரும்பிடுவேன். நீங்களும் என்கூட வரணும்."

வெறும் மிரட்டல் இல்லை. ஹரித்துவாரில் பருப்பில் உப்பு தூக்கல் என்று, கங்கையில் கால் நனைக்காமல் திரும்பியவள் அவள்.

துபாயில் விமானம் மாற வேண்டியிருந்தது. கழிப்பறைக்குப் போகிறேன் என்று நழுவிய கிரீட்பாயை ஒரு கடைவாசலில் சிமன்லால் மடக்கினார். ஒரு கையில் ஃபலாஃபெல் சுருட்டிய ரொட்டி, இன்னொரு கையில் ஐஸ்கிரீம்.

"ஒரு கடி கடிங்க அண்ணா. கொண்டைக்கடலைதான், பாவம் ஒண்ணுமில்ல."

கிரீட்பாய் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் கடித்தார். மொறுமொறுவென்று நொறுங்கியது. அறுபது வருஷம் வீணாகப் போய்விட்டதாக அவருக்குத் தோன்றியது. இன்னொரு கடி கடித்தார்.

"நல்லா சாப்பிட்டுக்கோங்க. அங்க இறங்கிட்டா பத்து நாளைக்கு நாக்கு செத்துடும்."

"ஏன்? அதான் மகராஜ் வர்றாரே?"

"அதனாலதான் சொல்றேன்."

கிரீட்பாய் மெல்லுவதை நிறுத்தினார். "அவர் சமையலைச் சாப்பிட்டிருக்கீங்களா?"

"வருஷக்கணக்கா! கிச்சடியைச் சுவத்துல எறிஞ்சா அங்கேயே ஒட்டிக்கும். மோர்க்கடி இருக்கே, அதுல முகம் கழுவலாம்."

"புகார் பண்ணலாமில்ல?"

"யார்கிட்டப் போய் பண்றது?"

"பின்ன எதுக்குத் திரும்பத் திரும்ப வர்றீங்க?"

"இந்தச் சாப்பாட்டுக்குத்தான்! ஏரோப்ளேன்ல ஒரு வேளை, ஏர்போர்ட்ல ஒரு வேளை. அடுத்தவன் சமைச்சு, உட்கார்ந்த இடத்துக்கே கொண்டுவந்து கொடுக்கிறான். நமக்கு வேற எங்க கிடைக்கும் இந்த மரியாதை?"

பணம் கொழுத்த பைத்தியம் என்று நினைத்துக்கொண்டார் கிரீட்பாய். "என் வீட்டுக்காரி காதுல மட்டும் இதைப் போட்டுடாதீங்க, கும்பிடறேன்" என்று கெஞ்சிவிட்டு வந்தார்.

அடுத்த விமானத்திலும் பானுமதிபென் தட்டைத் தொடவில்லை. தேப்லாவும் தீர்ந்துபோயிருந்தது. "பசிக்கட்டும். நம்ம மகராஜ் கைப்பக்குவத்துல சூடா சாப்பிட்டாத்தான் இந்தப் பசிக்கு மரியாதை" என்று சப்புக்கொட்டினாள். அவள் சப்புக்கொட்டும் ஒவ்வொரு தடவையும் கிரீட்பாய் பேச்சைப் பனிமலைப் பக்கம் திருப்பினார். பக்கத்தில் சிமன்லால் கேக்கை விரலால் வழித்துக்கொண்டிருந்தார்.

ஸூரிக் விமான நிலையத்தில் பெட்டிகள் வரும் இடத்தில் குழு மொத்தமும் கூடி நின்றது. வழிகாட்டிப் பெண் ஹேதல் கொடியைத் தூக்கிப் பிடித்திருந்தாள்.

"மகராஜ் எங்கம்மா? முதல்ல அவரைக் கண்ணால பார்க்கணும்" என்றாள் பானுமதிபென்.

"புது ஊர், புதுத் தண்ணி, ருசி கொஞ்சம் முன்னப்பின்னதான் இருக்கும் பானு..." என்று அடி போட்டார் கிரீட்பாய்.

"என் வயித்து விஷயத்துல முன்னப்பின்னங்கிற பேச்சே கிடையாது."

அந்த நேரம் பெட்டிகளுக்கு நடுவே கயிறு கட்டிய ராட்சத குக்கர் ஒன்று ஆடி அசைந்து வந்தது. "மகராஜ்! உங்க சாமான் வந்தாச்சு, எடுத்துக்கோங்க. எல்லாரும் கொலைப் பசியில இருக்காங்க!" என்று கத்தினாள் ஹேதல்.

"இதோ வந்துட்டேன்!" என்று உதட்டிலிருந்த கேக்கைத் துடைத்தபடி ஓடிப்போய்க் குக்கரைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார் சிமன்லால்.

தூரத்து மலையில் பனி தெரிகிறதா என்று இப்போதே பார்த்துக்கொள்ள, கிரீட்பாய் கண்ணாடிச் சுவரை நோக்கி ஓட்டமும் நடையுமாகப் போனார்.