அழிவதற்குள் ஒரு ஸ்கிரீன்ஷாட்

பேருந்து முன்பதிவு அக்கா பிரின்ட் ஸ்கிரீன் பொத்தானை ஏழாவது முறையாகக் குத்தினாள்.

ஒன்றும் நடக்கவில்லை. பக்கத்தில் நின்ற ரூட் கொட்டாவி விட்டான்.

அந்தப் பேருந்து நிறுவனத்தின் கணினிகளுக்கெல்லாம் அவன்தான் வைத்தியன். அவற்றில் ஓடும் லினக்ஸில் சகல அதிகாரமும் உள்ள ஆளுக்கு ரூட் என்று பெயர். அதைத் தனக்குத்தானே சூட்டிக்கொண்டான். புதிதாகச் சேரும் டிரைவர்கள் மட்டும் அவனிடம் வந்து எந்த வண்டி எந்த வழியாகப் போகும் என்று கேட்பார்கள். அவர்களில் ஒருவரையும் அவன் இன்றுவரை மன்னிக்கவில்லை.

"கீபோர்டு என்ன காலிங் பெல்லாக்கா? அமுக்கிக்கிட்டே இருந்தா உள்ளேயிருந்து யாராச்சும் வந்து திறப்பாங்களா?"

"அப்டேட் போட்டதுலேர்ந்து இப்படித்தான் தம்பி. நாலு மணிக்குள்ள எனக்குச் சரியாகணும்."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று நினைத்துக்கொண்டான். சத்தமாகவே நினைத்துக்கொண்டான். அறையில் நாலு பேர் சிரித்தார்கள்.

அக்கா சிரிக்கவில்லை. எழுந்து நாற்காலியைக் கொடுத்தாள்.

அமைப்புகளைத் திறந்து ஷார்ட்கட் பட்டியலுக்குப் போனான். நோய் உடனே தெரிந்தது. பழைய ஸ்கிரீன்ஷாட் நிரலை அப்டேட் தூக்கி எறிந்திருந்தது; பொத்தான் இன்னும் அதையே கூப்பிட்டுக்கொண்டிருந்தது. ஆள் காலி பண்ணிய வீட்டின் கதவைத் தட்டுகிற கதை. இதைக் கண்டுபிடிக்க அவனுக்கு இரண்டு நிமிடம். இவர்களுக்கு இரண்டு ஜென்மம்.

பழைய நிரலையே மறுபடி நிறுவினான். பொத்தானோடு முடிச்சுப் போட்டான். அமுக்கினான். படம் விழுந்தது.

திறந்தால் முழுக்கக் கறுப்பு.

அப்டேட், திரையை வரையும் முறையையே மாற்றியிருந்தது. பழைய நிரல்களுக்கு அந்தத் திரையைப் பார்க்க இனி அனுமதியில்லை. அதை எழுதியவர்களை அவர்கள் பரம்பரையோடு சேர்த்துத் திட்டினான். இப்போது கூடம் நிஜமாகவே கோணல்.

புது நிரல் ஒன்றை நிறுவிப் பொத்தானோடு கட்டிப் பார்த்தான். அது திரைமேல் ஒரு சட்டத்தை விரித்து, முழுசா வேண்டுமா, பாதியா, எந்த மூலை என்று வாட்ச்மேன் மாதிரி ஆற அமர விசாரித்தது.

"இவ்வளவு நேரம் தாங்காது தம்பி," என்றாள் அக்கா. "இந்தக் கம்ப்யூட்டர்ல வர்ற குரூப்ல என்னைப் பத்தி ஒண்ணு போடறாங்க. எல்லாரும் பார்த்ததும் அழிச்சிடறாங்க. பத்து நொடிதான். போனை எடுத்து கேமராவைத் திறக்கறதுக்குள்ள போயிடுது. இன்னைக்கு நாலு மணிக்குப் படம் காட்டலேன்னா நான் பொய்ப் புகார் கொடுத்தேன்னு ஆயிடும். குரூப்லயே மன்னிப்புக் கேட்டு எழுதணுமாம்."

"யாருமே பார்க்கலையா?"

"பார்த்துட்டுத்தான் சிரிக்கறாங்க. மேனேஜர் கேட்டா மட்டும் கண்ணு தெரியாதாம்."

ஊழியர் குரூப்பில் ஒரு நாளைக்கு முந்நூறு மெசேஜ். ரூட் அதில் எதையும் படிப்பதில்லை, போடுவதோடு சரி. யாரோ ஒரு டிரைவர் ரோஜாப்பூவுக்குக் கீழே கவிதை எழுதி வழிந்திருப்பான். அக்காவின் நாற்பத்தைந்து வயதில் அதற்கொரு புகார், அதற்கொரு விசாரணை, அதற்கு லினக்ஸ் தெரிந்த ஒருவனின் அரை மணி நேரம்.

ஆனாலும் தொழில் என்று ஒன்று இருக்கிறதே. பட்டியலின் அடியில், எந்த விசாரணையும் இல்லாமல் முழுத் திரையையும் அப்படியே பிடிக்கும் கட்டளை கிடந்தது. அதைப் பொத்தானுக்குக் கொடுத்தான்.

"ஒரு தடவை சோதிச்சிடலாம் தம்பி. உங்க சீட்டுக்குப் போய் குரூப்ல எதையாவது போட்டுட்டு அழிங்க. நான் புடிக்கறேனான்னு பார்ப்போம்."

"என்ன போட?"

"உங்களுக்குத் தோணுறதைப் போடுங்க."

தடுப்புக்குப் பின்னால் இருந்த தன் சீட்டுக்குப் போய் உட்கார்ந்தான். யோசிக்க வேண்டியிருக்கவில்லை, விரல்கள் தாமாகவே ஓடின.

'முன்பதிவு அறையில் ஒரு பழைய சாமான் இருக்கிறது. அப்டேட் ஏறாது. எடைக்குப் போட ஆள் தேவை.'

தடுப்புக்கு அந்தப் பக்கம் சிரிப்பு கிளம்பியது. பத்து எண்ணினான். அழித்தான்.

"விழுந்துச்சாக்கா?" என்று அங்கிருந்தே கத்தினான்.

"விழுந்துடுச்சு தம்பி."

நன்றி என்று ஒரு வார்த்தை இல்லை. இந்த ஜனங்களுக்குச் செய்வதும் ஒன்று, செவிடன் காதில் சங்கு ஊதுவதும் ஒன்று.

நாலேகாலுக்கு மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். பாராட்டாகத்தான் இருக்கும் என்று தலையைச் சீவிக்கொண்டு போனான். அக்கா ஏற்கெனவே அங்கே இருந்தாள், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு.

மேனேஜர் திரையை அவன் பக்கம் திருப்பினார்.

"அய்யய்யோ, அது டெஸ்ட் சார்," என்றான் ரூட். "அக்காதான் போடச் சொன்னாங்க. கேட்டுப் பாருங்க."

"ஆமா சார், நான்தான் சொன்னேன்," என்றாள் அக்கா. "என்ன போடணும்னு மட்டும் சொல்லலை."

மேனேஜர் மேசையிலிருந்த நோட்டை எடுத்துப் பிரித்தார். பக்கத்துக்குப் பக்கம் தேதி, நேரம், வாசகம். எல்லாம் அக்காவின் குண்டு குண்டான கையெழுத்து.

"சரி, இது டெஸ்ட்டு," என்றார். "ஆறு மாசமா உன் பேர்ல இருபத்தாறு எழுதி வச்சிருக்காங்களே, அதெல்லாம்?"

ரூட் நோட்டைப் பார்க்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பெயர், நேரம், வாசகம், கடைசி முற்றுப்புள்ளிவரை அத்தனை துல்லியம். தொழில்முறையில் அவனால் ஒரு குறை சொல்ல முடியவில்லை.