ஒரு மரம் பாக்கி

"அது இல்ல, இந்தப் பிரஷ்ஷைப் பிடிங்க."

ஆனந்தமேரி சொன்னதும் டிராயிங் வாத்தியார் அருள்நாதன் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு, மனைவி வண்ணம் தொட்டு நீட்டியதை வாங்கிக்கொண்டார்.

வாசலில் நின்ற ஹெட்மாஸ்டர் சூசைமாணிக்கத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மனுஷன் ஒரு புள்ளி வைக்கக்கூடப் பெண்டாட்டி உத்தரவு போட வேண்டுமா? ஸ்டாஃப் ரூமே கூடிக்கூடிச் சிரிக்கிறது.

பள்ளிக்கூட வெள்ளிவிழா மேடைக்கான படம் அது. வசந்தத்தில் பூத்து நிற்கும் கல்யாண முருங்கை மரங்கள். கோடே கிடையாது, எல்லாம் வண்ணப் புள்ளிகள். தள்ளி நின்று பார்த்தால்தான் மரமும் பூவும் தெரியும். இந்தப் பாணியை வெளிநாட்டுக் காலண்டரில் பார்த்து ஆசைப்பட்டவர் தாளாளர் ஃபாதர். இன்று வருகிறார். பிடித்துவிட்டால் அருள்நாதனின் தற்காலிக வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் ஜூனில் வேறு ஆள்.

"ஏம்மா, ஃபாதர் வர்ற நேரம். செத்த வெளிய இருங்க."

"ஒரு மரந்தான் சார் பாக்கி. முடிச்சுட்டுப் போயிர்றேன்."

"நீங்களா வரையறீங்க? கெளம்புங்கம்மா!"

அவள் கணவனைப் பார்த்தபடியே வெளியே போனாள்.

"சார், அவ இருக்கட்டுமே..." என்று இழுத்தார் அருள்நாதன்.

"ஆம்பளையா லட்சணமா வரைங்க சார்!"

அருள்நாதன் வண்ணத் தட்டையே பார்த்தார். தயங்கினார். பிறகு பிரஷ்ஷில் வண்ணம் தொட்டு வேகவேகமாகப் புள்ளி வைத்தார்.

சூசைமாணிக்கத்துக்குத் திக்கென்றது. மற்ற மரங்களில் பூ சிவப்பு. இதில் பூவெல்லாம் பச்சை!

"என்ன சார் பண்றீங்க? இது என்ன கலரு?"

அருள்நாதன் படத்தைப் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே நின்ற மனைவியின் முகத்தைப் பார்த்தார். நெற்றியெல்லாம் வேர்வை.

பள்ளிக்கூட வாசலில் ஜீப் சத்தம். ஆனந்தமேரி ஓடிவந்தாள்.

"தட்டுல கலரை நாந்தேன் மாத்தி வெச்சுட்டேன் சார். அவரைத் திட்டாதீக, எந் தப்பு!"

சூசைமாணிக்கத்துக்கு அப்போதுதான் உறைத்தது. சிவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியாத புருஷனின் கண்ணை ஊரிடமிருந்து மறைக்கத்தான் இவள் ராங்கிக்காரி என்று பேர் வாங்கிக்கொண்டு நிற்கிறாள்.

ஃபாதர் உள்ளே வந்தார். "யாரு இந்தம்மா? இங்க என்ன வேலை?"

சூசைமாணிக்கம் சட்டென்று நகர்ந்து, வெள்ளைச் சட்டையில் ஈரப் பெயின்ட் ஒட்டுவதையும் பாராமல், அந்தப் பச்சைப் பூக்களை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றார்.

"அருள்நாதன் சார் வீட்டம்மா, ஃபாதர். நான்தான் வரச் சொன்னேன். ஒரு மரம் பாக்கி இருக்கு. நீங்க ரூம்ல செத்த உக்காருங்க, ரெண்டு பேரும் முடிச்சுருவாக."