தெருக்கோடிச் சாக்கடை

கடப்பாரைக்கு முதல் துரோகம் செய்தது மருமகள்தான். கட்டின புருஷனை வீட்டைவிட்டுத் துரத்தினாள். நியாயம் கேட்கப் போன மாமனாரையும் கேட்டோடு நிறுத்தினாள். அன்றிலிருந்து பேத்தியைக் கம்பி வழியாகத்தான் பார்க்கிறார்.

அதையெல்லாம் மறக்கிற ஆளா அவர்?

சாக்கடை மூடியைக் கடப்பாரையால் நெம்பித் திறப்பது அவர் வேலை. அதனால்தான் அந்தப் பேர். எந்தத் தெருவில் எந்தப் போதைமருந்து புழங்குகிறது என்று கழிவுநீரை எடுத்துச் சோதிக்கும் சுகாதார ஆபீஸ் பெண்ணுக்கு, வாராவாரம் அவர்தான் மூடி திறந்து கொடுப்பார்.

அன்று மருமகள் குடியிருக்கும் தெருவின் கோடியில் நெம்பிக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் சொன்னாள்.

"போன வாரம் இங்க எடுத்த தண்ணியில போதைத்தூள் அளவு எகிறிப்போச்சு, பெரியவரே. ஊர்லயே இங்கதான் அதிகம்."

கடப்பாரைக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

"அந்தக் கடைசி வீடுதான் மேடம். என் மருமக. எழுதிக்குங்க. போலீஸ் வந்து கூட்டிட்டுப் போகட்டும். பேத்தியை நான் வளர்த்துக்கறேன்."

"நாங்க தெருவைத்தான் பாப்போம், வீட்டை இல்ல. அதோட இது யாரும் சாப்பிட்டதும் இல்ல. உடம்புக்குள்ள போய் வந்தா வேற மாதிரி காட்டும். இதை யாரோ மொத்தமா கக்கூஸ்ல கொட்டித் தண்ணி ஊத்தியிருக்காங்க."

"கொட்டினாளா? அப்ப விக்கிறா."

கையில் பிடித்த கடப்பாரையோடு போய் கேட்டைத் தட்டினார்.

மருமகள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள்.

"குடும்ப மானத்தைச் சாக்கடையில விட்டுட்டியேம்மா. எதைக் கொட்டினே? எனக்கு எல்லாம் தெரியும்."

அவள் தெருவை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பார்த்தாள்.

"மெல்லப் பேசுங்க மாமா. உங்க பிள்ளை குடுத்தாருன்னு போன வாரம் பால்மாவு டப்பா கொண்டுவந்து கேட்டுல குடுத்தீங்களே, அதைத்தான்."

"பால்மாவை எவளாவது கொட்டுவாளா?"

"மேல கொஞ்சம்தான் மாவு. அடியில வேற தூள். தெரியாம பாப்பாவுக்குக் கரைச்சுட்டேன். சூடு பாக்க ஒரு சொட்டு நாக்குல வெச்சேன். நாக்கு மரத்துப்போச்சு."

கடப்பாரை பேத்தியைப் பார்த்தார். அது அவரைப் பார்த்துச் சிரித்தது.

"மறுநாளே உங்க பிள்ளை வந்து டப்பாவைக் கேட்டாரு. குழந்தை இருக்கற வீட்டுல யாரும் தேட மாட்டாங்கன்னு அனுப்பினாராம்."

"நீ... போலீஸுக்குப் போயிருக்க வேண்டியதுதானே?"

"போனா, கொண்டுவந்து குடுத்தது யாருன்னு கேப்பாங்களே மாமா."

அவள் அவ்வளவுதான் சொன்னாள். கேட்டைத் திறக்கவில்லை.

அவருக்கு வரவேண்டிய 'உள்ளே வாங்க மாமா' இன்னும் பாக்கிதான்.