அளவு ரவிக்கை

“அளவு ஜாக்கெட்டு பழசுண்ணா. அத நம்பித் தெச்சா, அப்போ இருந்த அக்காவுக்குத்தான் சேரும்.”

ஆக்னஸ் இதைக் கடிந்து சொல்லவில்லை. அரக்கு நிறப் பட்டு ரவிக்கையைத் தையல் இயந்திரத்தின் மேல் விரித்து, இடப்பக்கத்தை உள்ளிருந்து கையால் தூக்கிக் காட்டினாள். துணி எழும்பி நின்றது; கையை எடுத்ததும் மெல்லச் சரிந்தது.

சம்பந்தம் பார்வையைச் சாலைக்குத் திருப்பினார். நசரத்பேட்டைக் கடைகளின் தகரக் கூரைகளை அதிரவைத்தபடி லாரிகள் பெங்களூர் நெடுஞ்சாலையில் சென்றுகொண்டிருந்தன.

தவறு அவருடையதுதான். மகள் திருமணத்துக்கு எடுத்த பட்டோடு அளவு ரவிக்கை ஒன்றையும் கடையில் கொடுத்துவரச் சொல்லியிருந்தாள் மனைவி கனிமொழி. அலமாரியில் கலையாமல் மடித்திருந்த ஒன்றை அவர் எடுத்து வந்தார். புற்றுநோய் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அவள் அதைத் தொடுவதே இல்லை என்பதால்தான் அது கலையாமல் இருந்தது. அவருக்கு அது தோன்றவில்லை.

தைத்து வந்ததை நேற்று அணிந்து பார்த்தவள், கழற்றி மடித்து அவருடைய பையிலேயே வைத்தாள்.

“நீங்களே கொண்டுபோய்ச் சரி பண்ணிட்டு வாங்க.”



ஆக்னஸ் சாக்கட்டியைத் தேடி எடுத்தாள். “அக்காவ ஒரு தபா இட்டாந்திருந்தா ஒடனே முடிஞ்சிருக்கும்.”

“வரமாட்டேங்கிறாம்மா. கூச்சப்படுறா.”

“எங்கிட்ட இன்னா கூச்சம்? இந்த ரோட்டுல கீற பொம்பளைங்க அளவு பூரா எனக்கு மனப்பாடம். வயசத்தான் ஒருத்தியும் சரியா சொன்னதில்ல.”

அவர் சிரித்தார். கூச்சம் என்ற சொல்லை மனைவிமேல் சுமத்திவிட்டுச் சிரிப்பது எளிதாகவே இருந்தது.

ஆக்னஸ் இடப்பக்கத்தில் துணியை எங்கே பிடிக்க வேண்டும், உள்ளே எங்கே பஞ்சு வைக்க வேண்டும் என்று குறித்தாள். அறுவைக்குப் பின் அந்தக் கை வீங்கியிருக்கும் என்று ரவிக்கையின் கையையும் தளர்த்திக் குறித்தாள். இரண்டுக்கும் அவர் தலையசைத்தார். கை வீங்கியிருப்பது அவருக்குத் தெரியும். அது நைட்டிக்கு வெளியே தெரிவது.

“இப்போ கழுத்து. தாரை வாக்கும்போது அக்கா குனிஞ்சி தண்ணி ஊத்துவாங்க. அத்தினி சனமும் அவங்களத்தான் பாக்கும். தழும்பு எது வரிக்கும் கீதுன்னு காட்டுங்கண்ணா, அது தெரியாம கழுத்த ஏத்திடறேன்.”

சாக்கட்டி துணிக்கு மேல் காத்து நின்றது.

சம்பந்தம் அந்தத் தழும்பைக் கண்டதில்லை.

மருத்துவமனையில் கட்டைப் பிரித்த நாளில் திரைக்கு வெளியே நின்றிருந்தார். வீட்டில் அவள் உடை மாற்ற எழுந்தால் அவர் பூசை அறைக்கு எழுந்து போவார். அதை நாகரிகம் என்று எண்ணியிருந்தார். உறவினர் அவருடைய பணிவிடையைப் புகழ்ந்தனர். வேளை தவறாமல் மாத்திரை கொடுத்தார், கஞ்சி வைத்தார், தலைமுடி உதிர்ந்தபோது பெருக்கி அள்ளினார். எதிலும் குறை வைக்கவில்லை.

மாலைதோறும் அவர் கோயிலில் அம்மையின் திருமேனியை அடி முதல் முடி வரை பாடுவார். உலகுக்குப் பாலூட்டிய மார்பைப் போற்றும் இடத்தில் அவர் குரல் தழுதழுக்கும். கேட்பவர் கண்களைத் துடைத்துக்கொள்வர்.

சில மாதங்களாகக் கனிமொழி உடை மாற்றும்போது கதவைத் தாழிடுவதில்லை. அதுவும் அவருக்குத் தெரியும்.

“அண்ணா?”

அவர் விரலைப் பட்டின்மேல் வைத்தார். அக்குளிலிருந்து உள்நோக்கிச் சிறிது தூரம் இழுத்து நிறுத்தினார். அவ்வளவோடு முடிந்திருக்க வேண்டும் என்று அவர் வேண்டிக்கொண்ட அளவு அது.

“இங்கேருந்து, இதுவரைக்கும்.”

குரல் சற்றும் நடுங்கவில்லை. அதை எண்ணியே அவர் முகம் சுட்டது.

ஆக்னஸ் அவர் விரல் சென்ற வழியே கோடு கிழித்தாள். பிறகு இயந்திரத்தில் கை வைக்காமல் ரவிக்கையை அவரிடமே நீட்டினாள்.

“தைக்கலையாம்மா?”

“இல்லண்ணா. காலைல அக்கா போன் பண்ணாங்க. தழும்பு எது வரிக்கும்னு அவங்களாண்டயே கேட்டேன். ‘அவரு வருவாரு, அவரக் கேளு. அவரு காட்டற எடத்துல கோடு மட்டும் போட்டுக் குடுத்தனுப்பு, நான் பாத்துட்டுச் சொல்றேன், அப்பால தெய்யி’ன்னுட்டாங்க.” அவள் அடுத்த துணியை மடியில் இழுத்துக்கொண்டாள். “பரவால்லண்ணா, முகூர்த்தத்துக்கு நாளு கீது.”

கேட்டவள் ஆக்னஸ் அல்லள், கனிமொழி.

அவர் படியிறங்கி வெயிலுக்கு வந்தார். அரக்குப் பட்டின்மேல் வெண்கோடு தெளிவாகத் தெரிந்தது. வெறும் பொடி; தட்டினால் உதிர்ந்துவிடும். உதிர்ந்தால், வழியில் கலைந்துவிட்டது என்று சொல்லிவிடலாம்.

கட்டைவிரல் கோட்டின்மேல் சென்று நின்றது.

பிறகு அதை விலக்கிக்கொண்டார். கோடு பையில் உரசிக் கலையாதபடி, ரவிக்கையை இரு கைகளிலும் ஏந்தியபடி வீட்டை நோக்கி நடந்தார்.